அரசு மாறினால் குற்றமும் மாறுமா?

மாற்றுத்திறனாளியான முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் கனமான பிஸ்டலை ஒற்றைக் கையால் பிடித்துச் சுடமுடியாமல் தடுமாறியதைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் ‘பிஸ்டல் பிரேஸ்’ வடிவமைக்கப்பட்டது. துப்பாக்கியின் பின்புறத்தில் மாட்டி, பட்டையால் முன்கையோடு சேர்த்து இறுக்கிக்கொள்ளும் துணைக்கருவி அது. மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள்களைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப், இதைப் பொருத்துவதால் பிஸ்டல் வேறு வகை ஆயுதம் ஆகிவிடாது என்று 2012இல் எழுத்துபூர்வமாகத் தெரிவித்தது. அந்தக் கடிதத்தை நம்பி லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். கடைகளில் பகிரங்கமாக விற்பனையானது.

2023 ஜனவரியில் அதே ஏடிஎஃப் புதிய விதி ஒன்றை வெளியிட்டது. பிரேஸ் பொருத்திய பிஸ்டல்களில் பெரும்பாலானவை இனி ‘குறுங்குழல் ரைஃபிள்’ என்றது. பதிவு செய்யாத குறுங்குழல் ரைஃபிளை வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. மே 31க்குள் பதிவு செய்ய வேண்டும், அல்லது பிரேஸைக் கழற்றி அழிக்க வேண்டும், அல்லது நீளமான குழலை மாட்ட வேண்டும், அல்லது துப்பாக்கியையே ஒப்படைக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஜூனில் டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றம் இந்த விதியை ரத்து செய்தது. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கருவி மாறவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைப் பற்றி ஒரு வரிகூடச் சட்டம் இயற்றவில்லை. ஆனாலும் அதை வைத்திருந்தவர் முதலில் சட்டத்துக்கு உட்பட்டவராகவும், பிறகு குற்றவாளியாகக்கூடியவராகவும், மீண்டும் சட்டத்துக்கு உட்பட்டவராகவும் ஆனார்.

நான் துப்பாக்கிப் பண்பாட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 2023இல் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பொதுமக்கள் கையில் 39 கோடிக்கும் அதிகமான துப்பாக்கிகள் இருப்பதாக ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2018இல் மதிப்பிட்டது. ஆளுக்கொன்று கொடுத்தாலும் மிஞ்சும். அப்படிப்பட்ட நாட்டுக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அதனாலேயே, அதிபர் மாளிகையில் ஆள் மாறும்போதெல்லாம் புரண்டு படுக்கும் இந்த விதிகளைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. இவை துப்பாக்கி உரிமையாளரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் ஒன்றும் தரவில்லை.

இந்தச் சிக்கலின் வேர் 1934இல் இருக்கிறது. மதுவிலக்குக் காலத்துக் கும்பல்கள் சிகாகோ போன்ற நகரங்களில் இயந்திரத் துப்பாக்கியோடு திரிந்த நேரம். 1929இன் ‘வேலன்டைன் தினப் படுகொலை’ நாட்டையே உலுக்கியிருந்தது. துப்பாக்கிகளை நேரடியாகத் தடை செய்யும் அதிகாரம் தனக்கு உண்டா என்று கூட்டாட்சி அரசுக்கே ஐயம் இருந்ததால், வரி என்ற வழியைப் பிடித்தது. இயந்திரத் துப்பாக்கி, குறுங்குழல் ரைஃபிள், குறுங்குழல் ஷாட்கன், சைலன்சர் ஆகியவற்றைக் கைமாற்ற 200 டாலர் வரி, கட்டாயப் பதிவு. அன்றைக்கு ஒரு தாம்ஸன் இயந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான். 1937இல் உச்ச நீதிமன்றமும் இது வரிச் சட்டம், காங்கிரஸின் வரி அதிகாரத்துக்குள் வருகிறது என்று ஏற்றுக்கொண்டது.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. முதல் வரைவில் பிஸ்டலும் ரிவால்வரும் பட்டியலில் இருந்தன. கைத்துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வந்தால் மக்கள் ரைஃபிளின் குழலை அறுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார்களே என்ற அச்சத்தில்தான் ‘குறுங்குழல்’ பிரிவே சேர்க்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும் கைத்துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குக் காவலாக வைத்த பிரிவை மட்டும் எடுக்க மறந்தார்களோ, மனம் வரவில்லையோ, அது அப்படியே தங்கிவிட்டது. இன்று 4 அங்குலக் குழல் கொண்ட பிஸ்டலைக் கூட்டாட்சிப் பதிவு இல்லாமலே வாங்கலாம். 16 அங்குலத்துக்கு மேல் குழல் கொண்ட ரைஃபிளையும் வாங்கலாம். இரண்டுக்கும் நடுவே, தோளில் வைத்துச் சுடும் 15 அங்குலக் குழல் ரைஃபிளை மட்டும் கைரேகை கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் சிறை. பிரேஸ் விவகாரம் முழுக்க இந்த ஓட்டையிலிருந்து பிறந்ததுதான். பாதுகாப்புக்கும் இந்த அங்குலக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று காங்கிரஸ் பல பத்தாண்டுகளாக உட்கார்ந்து யோசிக்கவே இல்லை.

யோசிக்காத வேலையை அதிகாரிகள் தலையில் கட்டியது. 2017 அக்டோபர் 1 இரவு, லாஸ் வேகஸில் இசைவிழாவுக்குக் கூடியிருந்த கூட்டத்தின் மீது ஓர் ஓட்டலின் 32ஆம் மாடியிலிருந்து ஒருவன் சுட்டான். சுமார் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள். இறுதிக் கணக்கில் இறந்தவர்கள் 60 பேர். அவன் பயன்படுத்தியது ‘பம்ப் ஸ்டாக்’. துப்பாக்கி பின்னுதைக்கும் வேகத்தைக்கொண்டே திரும்பத் திரும்பச் சுட வைக்கும் கருவி. இயந்திரத் துப்பாக்கி போலவே சடசடவென்று பொழியும். ஆனால் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை, ‘விசையின் ஒரே இயக்கத்தில்’ ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுடுவதே இயந்திரத் துப்பாக்கி என்கிறது. பம்ப் ஸ்டாக்கில் ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியாக இயங்குகிறது. அதனால்தான் ஒபாமா ஆட்சிக் காலத்தில், 2010இல், ஏடிஎஃப் இதற்கு அனுமதி தந்திருந்தது.

லாஸ் வேகஸுக்குப் பிறகு நாடே ஒரே குரலில் பேசிய சில வாரங்கள் இருந்தன. தேசிய ரைஃபிள் சங்கம்கூட இதைக் கட்டுப்படுத்தலாம் என்றது. காங்கிரஸ் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன், இதற்குச் சட்டம்தான் வழி, அதிகாரிகளின் விதி நீதிமன்றத்தில் மாட்டிக்கொள்ளும் என்று அப்போதே எச்சரித்தார். யாரும் காதில் வாங்கவில்லை. டிரம்ப் அரசு 2018 டிசம்பரில் ஏடிஎஃப் மூலமாகவே விதியை மாற்றியது. 90 நாளுக்குள் அழித்துவிடு, அல்லது ஒப்படைத்துவிடு. இழப்பீடு ஒரு காசும் இல்லை. ஏடிஎஃப் கணக்கின்படியே நாட்டில் 5 லட்சம் பம்ப் ஸ்டாக் வரை இருந்திருக்கலாம். டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை நடத்தும் ஒருவர் தன்னிடமிருந்த இரண்டையும் ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்களை மாற்றும் அதிகாரம் ஏடிஎஃப்புக்கு இல்லை என்பதே அதன் சாரம். பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி அலிட்டோ, காங்கிரஸ் நினைத்தால் சட்டத்தைத் திருத்தலாமே என்று தனியாகவும் எழுதினார். அடுத்த சில நாள்களில் செனட்டில் ஒருமனதாக ஒரு மசோதாவை நிறைவேற்ற முயன்றார்கள். ஒரே ஓர் உறுப்பினரின் எதிர்ப்பில் அது நின்றுபோனது.

விளைவைப் பாருங்கள். 2019இல் அரசின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தன் பொருளைச் சுத்தியலால் உடைத்தவர் கையில் இன்று ஒன்றுமில்லை. உத்தரவை மதிக்காமல் ஒளித்து வைத்தவர் இன்று எடுத்து வெளியே வைக்கலாம், அவருடைய மாநிலச் சட்டம் தடுக்காதவரை. பிரேஸ் விஷயத்திலும் இதே கதைதான். நாட்டில் 30 லட்சம் பிரேஸ்கள் இருப்பதாக ஏடிஎஃப் மதிப்பிட்டது. ஒரு கோடியைத் தாண்டும் என்ற கணிப்புகளும் உண்டு. கெடுவுக்குள் பதிவுக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் இரண்டரை லட்சம் மட்டுமே. விண்ணப்பித்தவர்களின் புகைப்படமும் கைரேகையும் அரசிடம் போயிருக்கின்றன. விதி போய்விட்டது. பணிந்தவனுக்கு இழப்பு, மீறியவனுக்கு ஆதாயம் என்று ஒரு சட்டம் மக்களுக்குப் பாடம் எடுக்கலாமா? அடுத்த முறை உண்மையிலேயே உயிர் காக்கும் விதி ஒன்று வரும்போது யார் கட்டுப்படுவார்கள்?

‘ஃபோர்ஸ்டு ரீசெட் டிரிக்கர்’ என்ற விசைக் கருவியின் கதை இன்னும் மோசம். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் விசையைத் தானே முன்னுக்குத் தள்ளி, வேகமாகச் சுட வைப்பது அது. இவற்றில் சில வகைகள் இயந்திரத் துப்பாக்கிகளே என்று 2022இல் ஏடிஎஃப் அறிவித்தது. 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அரசின் கருத்தோடு ஒத்துப்போனார். 2024இல் டெக்சஸ் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் நேர் எதிராகத் தீர்ப்பளித்தார். 2025 மே மாதம் டிரம்ப் அரசின் நீதித்துறை உற்பத்தி நிறுவனத்தோடு சமரசம் செய்துகொண்டு, பறிமுதல் செய்தவற்றைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது. உடனே பல மாநில அரசுகள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. சட்டப் புத்தகத்தில் 1934ஆம் ஆண்டின் அதே ‘விசையின் ஒரே இயக்கத்தில்’ என்ற சொற்கள்தான் இன்னும் இருக்கின்றன.

உற்பத்தியாளர்கள் சட்டத்தின் சொற்களை எழுத்தெண்ணிப் படித்து, அதன் விளிம்பிலேயே புதுப்புதுக் கருவிகளைச் செய்கிறார்கள், அதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு ‘பேய்த் துப்பாக்கி’ வழக்கில் விடை இருக்கிறது. வரிசை எண் இல்லாமல், பெட்டியில் பாகங்களாக வந்து, வீட்டில் பூட்டிக்கொள்ளும் துப்பாக்கிகளை அப்படி அழைக்கிறார்கள். இவற்றுக்கும் வரிசை எண்ணும் பின்னணிச் சோதனையும் வேண்டும் என்று 2022இல் பைடன் அரசு விதி கொண்டுவந்தது. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று அதை ஏற்றுக்கொண்டது. காரணம், எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய பொருளும் துப்பாக்கியே என்று 1968ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. கென்னடி சகோதரர்களும் மார்ட்டின் லூதர் கிங்கும் அடுத்தடுத்துச் சுடப்பட்ட பிறகு காங்கிரஸ் விவாதித்து எழுதிய சொற்கள் அவை. அரை நூற்றாண்டு கழித்து, இணையத்தில் விற்கும் பாகப் பெட்டியையும் அந்தச் சொற்கள் பிடித்துவிட்டன.

இன்னொரு சான்று 2022ஆம் ஆண்டுச் சட்டம். பஃபலோவில் மளிகைக் கடையில் 10 பேரையும், பத்து நாள் கழித்து டெக்சஸின் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்ற இருவருக்கும் வயது 18. அந்த வேதனையில் இரு கட்சிகளும் உட்கார்ந்து பேசின. 21 வயதுக்குக் குறைந்தவர் கடையில் துப்பாக்கி வாங்க வந்தால் அவருடைய சிறார் பருவப் பதிவுகளையும் பார்க்க வேண்டும், தேவையானால் 10 வேலைநாள் வரை காத்திருக்க வைக்கலாம். காதலியை அடித்துத் தண்டனை பெற்றவனுக்கும் துப்பாக்கி வைத்திருக்கத் தடை. பிறருக்காகப் பினாமியாக வாங்கித் தருவது தனிக் குற்றம். செனட்டில் 65-33 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியின் 15 செனட்டர்கள் ஆதரித்தார்கள். அதன்பின் அதிபர் மாறினார், ஏடிஎஃப் கொள்கைகள் தலைகீழாயின. 2025 பிப்ரவரியில் டிரம்ப் பைடன் காலத்துத் துப்பாக்கி விதிகளையெல்லாம் மறுஆய்வு செய்ய ஆணையிட்டார். விற்பனையாளர்கள் மீது பைடன் அரசு கடைப்பிடித்த கடுமையான உரிம ரத்துக் கொள்கை இரண்டே மாதத்தில் கைவிடப்பட்டது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் ஆட்சி மாற்றத்தோடு காணாமல் போகவில்லை. அதை நீக்க வேண்டுமானால் காங்கிரஸில் எழுந்து நின்று, பெயர் தெரிய வாக்களிக்க வேண்டும். சட்டத்தின் வலிமை அங்கேதான் இருக்கிறது.

இப்போது நடைமுறைக்கு வந்திருக்கும் மாற்றம் ஒன்றைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரி–செலவுச் சட்டம், 1934இலிருந்து ஒரு டாலர்கூட ஏறாமல் இருந்த அந்த 200 டாலர் வரியைச் சைலன்சருக்கும் குறுங்குழல் துப்பாக்கிகளுக்கும் பூஜ்யமாக்கியது. 2026 ஜனவரி 1 முதல் இது அமல். இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகருவிகளுக்கும் பழைய வரி தொடர்கிறது. சைலன்சரைப் பட்டியலிலிருந்தே நீக்கத்தான் முதலில் முயன்றார்கள். வரவு செலவுக்கான சிறப்பு நடைமுறையில் அதற்கு இடமில்லை என்று செனட்டின் விதிமுறை அலுவலர் சொல்லிவிட்டதால் வரியை மட்டும் தொட்டார்கள்.

உரிமையாளருக்கு இதன் பொருள் என்ன? பணம் மிச்சம். வேறொன்றும் மாறவில்லை. விண்ணப்பம் உண்டு, கைரேகை உண்டு, புகைப்படம் உண்டு, உள்ளூர்க் காவல் தலைமைக்கு நகல் அனுப்புவதும் உண்டு. ஒப்புதல் வருவதற்கு முன் கையில் வாங்கினால் அதே 10 ஆண்டு வரை சிறை. வரிதான் போய்விட்டதே என்று வீட்டுப் பட்டறையில் குழலை அறுப்பவர் நேராகக் குற்றத்துக்குள் நடந்து போகிறார். மாநிலச் சட்டம் வேறு இருக்கிறது. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், இலினாய், மாசசூசெட்ஸ் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் சைலன்சர் வைத்திருக்க முடியாது. அங்கே வரி பூஜ்யமானாலும் ஆயிரமானாலும் ஒன்றுதான். இதற்கிடையில், வரியே இல்லாதபோது வரி அதிகாரத்தின் பேரில் பதிவைக் கட்டாயப்படுத்த முடியுமா என்று கேட்டு 2025 ஜூலையிலேயே துப்பாக்கி அமைப்புகள் வழக்குத் தொடுத்துவிட்டன. 1937ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடித்தளத்தையே அந்தக் கேள்வி தொடுகிறது. காங்கிரஸ் தன் கையாலேயே அந்தக் கல்லை உருவிக் கொடுத்திருக்கிறது. சைலன்சருக்குப் பதிவு வேண்டுமா வேண்டாமா என்பதை நேருக்கு நேர் விவாதித்து முடிவு செய்ய வேண்டிய மன்றம், வரி மசோதாவுக்குள் ஒளித்து வைத்து முடித்துக்கொண்டது. இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது தவிர வேறில்லை.

இந்தத் தட்டிக்கழிப்பு புதிதல்ல. 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் பள்ளியில் 20 பிஞ்சுக் குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். நான்கே மாதத்தில், துப்பாக்கிக் கண்காட்சியிலும் இணையத்திலும் நடக்கும் தனியார் விற்பனைக்குப் பின்னணிச் சோதனை வேண்டும் என்ற மிதமான மசோதா செனட்டுக்கு வந்தது. 54 பேர் ஆதரித்தும் 60 வாக்கு வேண்டும் என்ற நடைமுறையால் தோற்றது. அன்று அது நிறைவேறியிருந்தால், வியாபாரி யார், தனியார் யார் என்று 2024இல் பைடன் அரசு ஒரு விதியை எழுதி, அதையும் டெக்சஸ் நீதிமன்றம் பகுதியளவில் தடுத்து நிறுத்தும் நிலை வந்திருக்காது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்த நாட்டில் இருக்கிறார்கள். டாலஸிலும் ஆஸ்டினிலும் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு, வாரக் கடைசியில் சக ஊழியர்களோடு சுடுபயிற்சி மையத்துக்குப் போவது சாதாரணமாகத் தோன்றலாம். துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சி உரிமம் எதுவும் தேவையில்லாத நாடு என்பதால், யாரும் தொடலாம் என்று நினைத்துவிடுவது எளிது. ஆனால் ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை 15 ஆண்டு வரை. படிப்பிலிருந்து நீக்கப்பட்டதால் மாணவர் விசா தகுதியை இழந்த ஐக்கிய அரபு அமீரக இளைஞர் ஒருவர் ஃபுளோரிடாவில் சுடுபயிற்சி மையத்தில் சுட்டதற்காகவே தண்டிக்கப்பட்டார். தன் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் எனச் சொல்லி 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஹெச்-1பியில் இருக்கும் ஒருவர் தன் விசா என்னவென்று தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

கிரீன் கார்டு வந்துவிட்டால் கூட்டாட்சிச் சட்டப்படி வாங்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்தச் சட்டம் இடம் தருகிறது. கடையில் நிரப்பும் 4473ஆம் எண் படிவத்தில் ஒரு பொய்ப் பதிலும் குற்றமே. 2024இல் அப்போதைய அதிபரின் மகனையே அந்தப் படிவத்தில் போதைப்பொருள் பற்றிய பதிலுக்காக நீதிமன்றம் குற்றவாளி என்றது. அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்க அதிபர் மாளிகையில் தந்தை இருந்தார்.

ஆகவே, அமெரிக்காவில் பிள்ளை இருக்கும் பெற்றோர் அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள். விசாவில் இருந்தால் நண்பர் நீட்டினாலும் துப்பாக்கியைக் கையில் வாங்க வேண்டாம். கிரீன் கார்டோ குடியுரிமையோ பெற்று வாங்கியிருந்தால், அதில் எந்தத் துணைக்கருவியை மாட்டும் முன்பும் தன் மாநிலச் சட்டத்தையும் அன்றைய தேதியில் உள்ள கூட்டாட்சி விதியையும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளட்டும். கடைக்காரர் சொன்னது போதாது. ஏடிஎஃப் எழுதித் தந்த பழைய கடிதமும் போதாது என்பதை 2023இல் பார்த்துவிட்டோம். வாக்குரிமை பெற்றவர்களாக இருந்தால், வாக்குக் கேட்டு வரும் காங்கிரஸ் வேட்பாளரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், துப்பாக்கிச் சட்டத்தை நீங்களே எழுதுவீர்களா, மறுபடியும் அதிகாரிகளிடம் தள்ளிவிடுவீர்களா என்று கேட்கட்டும்.